மீன் பெட்டியில் ஓர் ஒளிமேசை

சென்ற விடுமுறையில் நெடுங்கேணியில் எங்கள் வீட்டுக்கு ஒரு கலியாண வேலை வந்தது. வெள்ளைப் பொப்ளின் துணியில் நான்கு தலையணை உறைகள் தைத்து, மூலைகளில் பூவேலை செய்து கொடுக்க வேண்டும். உம்மா வழக்கம்போல காபன் தாளை இடையில் வைத்து மாதிரிப் படத்தைத் துணிக்கு இறக்கினார். தைத்து முடித்துக் கழுவியபோது நீலக்கறை போகவில்லை. சவர்க்காரம், தேசிக்காய், வெயில் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் எங்கள் காசில் புதுத்துணி வாங்கி, மறுபடியும் தைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

காபன் தாளில் இருப்பது மெழுகோடு கலந்த நிறப்பொருள். அது கடதாசிக்காகச் செய்யப்பட்டது. பருத்தி இழைக்குள் போனால் இலகுவில் வெளியே வராது. இந்தியாவின் லக்னோ நகரில் சிக்கன் பூவேலை செய்கிறவர்கள் கழுவினால் போய்விடும் நீலச் சாயத்தைத் தொட்டு, மர அச்சால் படத்தைப் பதிக்கிறார்கள். தையல் முடிந்ததும் துணியைக் கழுவிச் சாயத்தைப் போக்கிவிடுவார்கள். எங்களிடம் அந்த அச்சும் இல்லை, சாயமும் இல்லை. ஆனால் படத்தைத் துணிக்கு அடியில் வைத்து, கீழிருந்து வெளிச்சம் கொடுத்தால் தெரிகிற கோட்டின் மேல் பென்சிலால் மெல்ல வரைந்துவிடலாம்.

இதற்கு யன்னல் கண்ணாடியே போதும் என்று நீங்கள் சொல்லலாம். நாங்களும் அதைத்தான் முதலில் செய்து பார்த்தோம். கையைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு மூலைப் பூவை வரைவதற்குள் உம்மாவின் தோள் நொந்துவிட்டது, துணியும் வழுக்கியது. அதோடு உம்மா தைக்க உட்காருவதே இஷாவுக்குப் பிறகுதான். அந்த நேரத்தில் யன்னலில் ஏது வெளிச்சம்?

முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒட்டுசுட்டான் வழியாக மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற நானாவிடம் மூடி உடைந்த ரெஜிபோம் பெட்டி ஒன்று கிடந்தது. கேட்டதும் சும்மாவே தந்தார். சாம்பலும் தேசிக்காயும் போட்டு மூன்று நாள் கழுவி வெயிலில் வைத்தோம். இந்த வேலைக்கு ரெஜிபோம் நல்லது என்பதற்குக் காரணம் அதன் வெள்ளை நிறம். உள்ளே விழுகிற ஒளியை அது விழுங்காமல் எல்லாப் பக்கமும் சிதறவிடுகிறது. காட்போட் பெட்டி என்றால் உள்ளே வெள்ளைக் கடதாசி ஒட்ட வேண்டும்.

விளக்குக்கு 5 வோல்ற்றில் எரிகிற யூ.எஸ்.பி. எல்.ஈ.டி. குமிழ் வாங்கினோம். போன் சார்ஜரில் செருகலாம். கரண்ட் இல்லாத நேரத்தில் பவர் பேங்கில் செருகலாம். பெட்டிக்குள் 230 வோல்ற்று வயரைக் கொண்டுபோகும் வேலையே இல்லை. பழைய குண்டு மின்குமிழை மட்டும் வைத்துவிடாதீர்கள். அது எடுக்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகிறது. ரெஜிபோம் அந்தச் சூட்டில் உருகிவிடும். எல்.ஈ.டி.யும் கொஞ்சம் சுடும் என்பதால் பக்கச் சுவரில் இரண்டு ஓட்டை போட்டு, குமிழை ஒரு சின்னப் பலகைத் துண்டில் கட்டிப் படுக்க வைத்தோம்.

மேலே பழைய படச்சட்டத்தின் கண்ணாடி. அதன் ஓரங்களில் டேப் சுற்றாமல் தொட வேண்டாம். என் விரலில் இன்னும் அடையாளம் இருக்கிறது.

முதல் இரவு பெரிய ஏமாற்றம். நடுவில் கண்ணைக் கூசுகிற ஒரு வட்டம், சுற்றிலும் மங்கல். வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து போன் டோர்ச்சையும் உள்ளே வைத்தேன், இன்னும் மோசமானது. கண் அந்தப் பிரகாசமான புள்ளிக்கே பழகிவிடுவதால் மற்ற இடங்களில் கோடு தெரியவில்லை. தேவைப்பட்டது கூடிய வெளிச்சமல்ல, சமமான வெளிச்சம். குமிழைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணாடியின் அடிப்பக்கத்தில் வெள்ளை டிசு தாள் இரண்டு ஒட்டியதும் வட்டம் மறைந்தது. பெட்டி ஆறு அங்குலமாவது ஆழமாக இருந்தால் இன்னும் நல்லது. அறை விளக்கையும் அணைத்துவிட வேண்டும். மேலிருந்து விழுகிற ஒளி துணியில் பட்டுத் திரும்பினால் கீழிருந்து வருகிற கோடு மங்கிவிடும்.

இரண்டாவது பிழையும் என்னுடையதுதான். படம் வழுக்காமல் இருக்கட்டும் என்று அதைக் கண்ணாடிக்கு அடியில் ஒட்டினேன். கோடுகள் புகை பிடித்ததுபோல் தெரிந்தன. விரலைச் சுவரில் தொட்டுக்கொண்டு வைத்தால் நிழல் கூர்மையாக விழும். விலக்க விலக்கக் கலங்கும். இங்கேயும் அதேதான் நடந்தது. தலையை அசைத்தால் கோடும் அசைந்தது. பௌதிகவியல் செய்முறையில் இடமாறு தோற்ற வழு என்று படிக்கிறோமே, அது. ஆகவே கண்ணாடியின் மேல் படம், படத்தின் மேல் துணி, இரண்டுக்கும் இடையில் காற்றுக்கூட இல்லாதபடி இழுத்து டேப் ஒட்ட வேண்டும். படத்தைக் கறுப்புப் பேனாவால் தடித்த கோடாக வரைந்துகொள்ளுங்கள். தாளின் மறுபக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கக் கூடாது. அதுவும் சேர்ந்து தெரியும்.

இந்தப் பெட்டியில் ஒரு வசதி உண்டு. தாளைப் புரட்டிப் போட்டால் வலப்பக்கப் பூ இடப்பக்கப் பூவாகிவிடும். நான்கு மூலைக்கும் ஒரே படம் போதும். எழுத்துக்கு மட்டும் இது ஆகாது. சுவரில் மாட்டுவதற்கென்று நான் எடுத்த பிஸ்மில்லாஹ் இடமிருந்து வலமாக ஓடியது. பென்சில் கோடாக இருந்ததால் தப்பினேன்.

வெள்ளை வொயில், பொப்ளின், இளநிறப் பருத்தி எல்லாவற்றுக்கும் இது சரிவரும். அபாயாத் துணிக்குச் சரிவராது. கறுப்புச் சாயம் ஒளியை விழுங்கிவிடுகிறது; எத்தனை குமிழ் வைத்தாலும் வீண். அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஆரி வேலை செய்கிறவர்கள் தாளில் கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியை அதன்மேல் தேய்க்கிறார்கள்; துணியில் புள்ளிக்கோடு விழுகிறது. புனித கஃபாவின் கிஸ்வாவும் கறுப்புப் பட்டுத்தான். மக்காவின் உம்முல் ஜூத் பகுதியில் 1977இல் திறக்கப்பட்ட தொழிற்சாலையில் திருவசனங்களை முதலில் திரை அச்சு முறையில் பட்டின்மேல் பதிக்கிறார்கள். பிறகு பருத்தி நூலால் எழுத்தைப் புடைக்கச் செய்து, அதன்மேல் பொன்முலாம் பூசிய வெள்ளி இழையால் கையாலேயே தைக்கிறார்கள். எங்கள் வீட்டில் கறுப்புத் துணிக்குத் தேய்ந்த சவர்க்காரத் துண்டுதான்.

குமிழ், டேப், டிசு தாள் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. உறைகளில் போன காசு அதைவிட அதிகம். இரண்டாம் தடவை நான்கு உறைகளுக்கும் படம் எடுக்க உம்மாவுக்கு ஒரே இரவு போதுமாக இருந்தது. கழுவியதும் பென்சில் கோடு போய்விட்டது. பெட்டி இப்போது தையல் மெஷினுக்கு அடியில் இருக்கிறது. மழை நாளில் மட்டும் கொஞ்சம் மீன் மணக்கும்.