விறகிலும் இருக்கு ருசி... தெரியுமா?

கறி நன்றாக இருந்தால் போதும், அடியில் எந்தக் கட்டை எரிந்தால் என்ன என்கிறீர்களா? அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கம் போய் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்! உப்பும் மிளகும் தடவிய கறியை மணிக்கணக்கில் புகையிலேயே வேகவைக்கும் பார்பிக்யூ பூமி அது. அங்கே மூன்றாவது மசாலாவே விறகுதான்!

ஊருக்கொரு மரம்!

மத்திய டெக்சாஸில் மாட்டின் நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட் வேகப் பத்து மணி நேரத்துக்கு மேலாகும். எரிவது போஸ்ட் ஓக். டென்னசி, கரோலினா பக்கம் பன்றிக்கறிக்கு ஹிக்கரி. கலிஃபோர்னியாவின் சான்டா மரியாவில் ரெட் ஓக் தணல். ஜமைக்காவின் ஜெர்க் கோழிக்குப் பிமென்டோ கட்டை; ஆல்ஸ்பைஸ் மசாலா காய்ப்பதும் அதே மரத்தில்தான்! பெய்ஜிங்கின் புகழ்பெற்ற வாத்து வறுவலுக்கோ பேரி, இலந்தை போன்ற பழமரக் கட்டைகள். எவரும் உலகமெல்லாம் தேடி அலையவில்லை. பக்கத்தில் எது வளர்ந்ததோ, அதன் புகையே அந்த ஊர் ருசியாகிவிட்டது!

கட்டைக்குள் வெனிலா!

மரத்துக்கு விறைப்பைத் தரும் பொருள் லிக்னின். சூட்டில் அது உடையும்போது பிறக்கிறது குவாயகால். புகைச் சுவை அதன் கைங்கரியம். கூடவே வருகிறது சிரிங்கால். மூக்கைத் துளைக்கும் மணம் அதன் உபயம். வெனிலாவில் மணக்கும் வெனிலினும் இதே புகையில் உண்டு!

பைன் மரமா? உஷார்!

பைன் போன்ற ஊசியிலை மரங்களில் பிசின் அதிகம். எரிந்தால் கரும்புகை, கறியில் கசப்பு. ஆனால் ஆச்சரியம் பாருங்கள்... ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் ஹாம் என்ற பன்றித்தொடைக் கறிக்குப் பெயர் வாங்கித் தந்ததே ஊசியிலை மரப் புகைதான்! தீயில் சுடாமல், ஆறிய புகையில் நாள்கணக்கில் தொங்கவிடுவார்கள்.

நீலப் புகைதான் நல்ல புகை!

அப்போது வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீராக இருக்கலாம்! ஈர விறகு திணறி எரியும். திரண்டெழும் வெள்ளைப் புகை கறியைக் கசக்கவைக்கும். பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காயவிட்டால் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்கு இறங்கும். வாங்கும்போது இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் காய்ந்தது, 'தொப்' என்றால் பச்சை. வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருந்தால் இன்னும் நல்லது. காய்ந்த கட்டை காற்றோட்டமாக எரிந்தால், இருக்கிறதா இல்லையா என மெல்லிய நீலப் புகை!

ஓசி விறகில் விஷம்!

சாயம் அடித்த கதவு, பசை போட்ட பிளைவுட், மருந்தேற்றிய பழைய பலகை... எதுவும் வேண்டாம். பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் ஏற்றிய பலகை எரிந்து தணிந்த பிறகும், சாம்பலில் ஆர்சனிக் தங்கியிருக்கும்!

கார் கம்பெனியில் கரி!

ஃபோர்டின் பழைய மாடல் டி கார்களில் மரப் பாகங்கள் இருந்தன. மிச்சிகன் மர ஆலையில் மலையாய்க் குவிந்த கழிவை 1920-களில் ஹென்றி ஃபோர்டு கரிக்கட்டியாக்கினார். விற்றது எங்கே? ஃபோர்டு கார் ஷோரூம்களில்!

விறகேறி வரும் வில்லன்!

எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு, 2002-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்டது. அதற்குள் ஆஷ் மரங்களைப் பலி வாங்கத் தொடங்கியிருந்தது; இன்று பலியான மரங்கள் கோடிக்கணக்கில்! பட்டைக்கு அடியில் ஒளிந்து, விறகு வண்டியேறி ஊர் ஊராகப் பரவியது. அதனால்தான் அங்கே 'எரிக்கும் இடத்துக்கு அருகிலேயே விறகு வாங்கு' என்று பிரசாரமே நடக்கிறது.

நம்ம ஊர்ச் சொந்தக்காரர்!

மேற்கு டெக்சாஸின் மெஸ்கீட் மரம் யார் தெரியுமா? நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு! காரமான புகை, கடும் சூடு. சட்டென்று சுட்டெடுக்கும் கறிக்கு அருமை, நெடுநேரம் வைத்தால் கசப்பு. நாம் சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்க நீதிமன்றம் வரை போனோம். டெக்சாஸ் பண்ணைக்காரர்களும் மெஸ்கீட்டோடு மல்லுக்கட்டுகிறார்கள். அதே மெஸ்கீட்டைச் சிறு துண்டுகளாக்கி, பையில் அடைத்துக் காசு பார்ப்பவர்களும் அங்கேயே இருக்கிறார்கள்!