பழைய இழைப்பு இயந்திரத்தைச் சீர்படுத்துவது எப்படி?

நாம் பால் சீவும் ரப்பர் மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்து வெட்டப்படுகிறது. முற்காலத்தில் அது பெரும்பாலும் விறகாகவே எரிந்தது. இன்றோ, பூச்சி துளைக்காதபடி போரான் மருந்து ஏற்றப்பெற்று, மேசை நாற்காலிகளாகிக் கடல் கடந்து செல்கிறது. ஜொகூர் மாநிலத்தின் மூவார் வட்டாரம் இத்தொழிலுக்குப் பேர் பெற்றதாகும்.

தச்சுப் பட்டறைகள் புதிய இயந்திரங்களை வாங்கும்போது பழையவை மலிவாக விற்பனைக்கு வருகின்றன. ஓய்வு நேரத்தில் தச்சு வேலை செய்து வருமானம் பெற விரும்பும் தோட்டத் தொழிலாளருக்கு இது நல்ல வாய்ப்பே. ஆயினும், அறியாமல் வாங்கினால் சேமிப்புப் போகும், விரலும் போகக்கூடும். விரல் போனபின் உளியைப் பிடிப்பது எவ்வாறு? ஆகவே, பலகையை மட்டப்படுத்தும் இழைப்பு இயந்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு சில செய்திகளை விளக்குவோம்.

இவ்வியந்திரத்தில் முன்மேசை, பின்மேசை என இரண்டு வார்ப்பிரும்பு மேசைகள் உள்ளன. அவற்றின் நடுவே கத்திகள் பொருத்திய உருளை விரைவாகச் சுழலும். பலகையை முன்மேசையிலிருந்து பின்மேசைக்குத் தள்ளும்போது அதன் அடிப்புறம் சீவப்படுகிறது.

வாங்குமுன் காண வேண்டியவை

புதுப் பெயிண்டைக் கண்டு மயங்கலாகாது. மேற்பரப்புத் துருவை நீக்கிவிடலாம். வார்ப்பிரும்பில் உள்ள விரிசலை எளிதில் நீக்க இயலாது. நேரான இரும்புக் கோலை மேசையின்மீது நிறுத்தி, அதன் பின்னே விளக்கை வைத்துப் பார்த்தால் மேசையின் வளைவு புலப்படும். உருளை வட்டமாக இல்லாமல் சதுரமாக இருந்தால் அவ்வியந்திரத்தை விட்டுவிடுக. அதன் இடைவெளி பெரிதாகையால் விரலை ஆழமாக இழுத்துவிடும்.

மோட்டார்த் தகட்டையும் படித்தல் வேண்டும். மூன்று ஃபேஸ் மோட்டார், ஒற்றை ஃபேஸ் வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடாது. மாற்று மோட்டாரின் செலவையும் சேர்த்தே விலை பேசுக.

பழுது நீக்கும் முறை

முதலில் மின்செருகியைக் கழற்றிவிடுக. கழற்றும் ஒவ்வொரு பகுதியையும் படமாக வரைந்து, திருகாணிகளைத் தனித்தனி டின்களில் இடுக. துருவை மண்ணெண்ணெயும் மெல்லிய உப்புத்தாளும் கொண்டு தேய்த்து நீக்கி, உலர்ந்தபின் மெழுகு பூசுக. அருகில் நெருப்பு இருத்தலாகாது.

உருளையைக் கையால் சுழற்றும்போது மணல் அரைபடுவதுபோல் ஒலித்தால் பேரிங்கை மாற்ற வேண்டும். அதன் எண் வளையத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 6203 எனில் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர் ஆகும். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தையே அழுத்துக. வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்தால் புதிய பேரிங்கும் கெடும்.

கூர்மையின் அருமையைப் பால் சீவும் நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. எனினும், இங்கே கூர்மை மட்டும் போதாது. எல்லாக் கத்திகளும் ஒரே எடையுடன், பின்மேசையின் மட்டத்திற்குச் சரியாக நிற்றல் வேண்டும். ஆணி தளர்ந்தால் கத்தி தோட்டாவைப்போல் பறக்கும்.

பழைய உரிமையாளர் பெல்ட் ஓடும் கப்பியை மாற்றியிருக்கலாம். ஆகவே, வேகத்தைக் கணக்கிடுக. மோட்டாரின் சுழற்சியை அதன் கப்பி விட்டத்தால் பெருக்கி, உருளைக் கப்பியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். மோட்டார் நிமிடத்திற்கு 1,440 சுற்று, கப்பிகள் 150, 50 மில்லிமீட்டர் எனில், உருளை 4,320 முறை சுற்றும். இயந்திரத் தகட்டில் குறித்த வேகத்தை இது மீறலாகாது.

விரலுக்குக் காவல்

கத்தியையும் பெல்ட்டையும் மூடும் காப்புகள் இல்லாமல் ஒரு கணமும் ஓட்ட வேண்டாம். மின்கம்பி வேலையையும் நில இணைப்பையும் உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். முதலில் பலகை வைக்காமல், பக்கவாட்டில் நின்று சில நிமிடங்கள் ஓட்டிப் பார்க்கவும். பின்னர் மின்செருகியைக் கழற்றி ஆணிகளை மீண்டும் இறுக்கவும். வேலையின்போது கையுறையும் தொங்கும் உடையும் கூடா. 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த துண்டுகளைக் கையால் தள்ளுதல் ஆபத்தாகும்.

இவையனைத்தும் முடிந்தபின் பெயிண்ட் பூசலாம். அதுவே கடைசி வேலை. பழைய இயந்திரத்தின் பெருமை பளபளப்பில் இல்லை. மாலையில் அதை நிறுத்திவிட்டு, பத்து விரல்களுடன் நாம் வீடு திரும்புவதில் உள்ளது.