சந்தில் பிறந்த நாய்க்கு ஒரு வீடு

தெருவில் பிறந்த அல்லது தெருவில் விடப்பட்ட ஒரு நாயை, அதன் ஆயுள் முழுக்கவும் சோறு, மருத்துவம், படுக்க இடம் மூன்றுக்கும் பொறுப்பேற்று வீட்டில் சேர்த்துக்கொள்வதே நாய் தத்தெடுப்பு. நன்றாகக் கவனிக்கப்படும் நாட்டு நாய் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டு வரை வாழும். இன்று ஒரு குட்டியைத் தூக்கி வருகிறவர், முதல் வகுப்பில் சேரும் பிள்ளை கல்லூரிக்குப் போகும் காலம் வரைக்குமான பொறுப்பைத் தூக்கி வருகிறார். இரக்கம் இருந்தால் போதும் என்ற எண்ணத்தில் நடக்கும் தத்தெடுப்புகள் முறிந்துபோவது பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

மும்பை மாநகராட்சி 2014-ல் எடுத்த கணக்கெடுப்பில் தெருநாய்கள் சுமார் 95 ஆயிரம். பத்தாண்டு கழித்து எடுத்ததில் சுமார் 90 ஆயிரம். இவற்றில் பலவற்றுக்கு யாரும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தாராவியின் மாட்டுங்கா லேபர் கேம்ப் போன்ற இடத்தில் இது நன்றாகத் தெரியும். நூறு, நூற்றைம்பது சதுர அடி வீடுகள் நெருங்கி நிற்கும் சந்துகளில், ஒரு நாய்க்கு ஒரு வீட்டில் காலைச் சோறு, இன்னொரு வீட்டில் பெயர், மூன்றாவது வீட்டு வாசலில் படுக்கை. தமிழ் வீட்டுக்காரர்கள் மணி என்று கூப்பிடுவார்கள். அதே நாய் பக்கத்துச் சந்தில் மோதியாகவோ காலுவாகவோ இருக்கும். நாய்க்கு அடிபட்டால்தான் சிக்கல். எல்லோருக்கும் சொந்தமான நாயை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முன்வருவது யார்? தத்தெடுப்பு அந்தக் கேள்விக்கு ஒரு குடும்பத்தின் பெயரைப் பதிலாக வைக்கிறது.

நாய்களின் பேரால் இந்த நகரத்தில் கலவரமே நடந்திருக்கிறது. தெருநாய்களைக் கொல்ல ஆங்கில அரசு ஆள் வைத்தபோது, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் 1832 ஜூன் மாதம் கோட்டைப் பகுதியில் கடைகளை அடைத்துப் போராடினார்கள். அதன் பிறகும் கொலை நிற்கவில்லை. மாநகராட்சி 1994-ல்தான் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறியது. இந்த வழியைச் சென்னைதான் முதலில் காட்டியது. புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே கருத்தடையைத் தொடங்கிவிட்டது. சென்னை மாநகராட்சி அதை 1996-ல் ஏற்றது. நாடு முழுவதற்குமான விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்ததற்கும் ஒரு தமிழ்ப் பெண் காரணம். மாநிலங்களவையில் அதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

இன்றைய நடைமுறைக்கு அடிப்படை 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள். நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். காதின் ஓரத்தில் சிறு வெட்டுத் தெரிந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை முடிந்துவிட்டது என்று பொருள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முதலில் டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைத் தடுப்பூசிக்குப் பின் அவற்றின் இடத்திலேயே விடச் சொன்னது. விரும்புகிறவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்றும், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்றும் அதே உத்தரவு சொல்கிறது. நவம்பரில் வந்த இன்னொரு உத்தரவு, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கே திரும்ப விடக் கூடாது என்றது. இத்தனை ஆண்டுகள் மருத்துவமனை வாசலிலும் ஸ்டேஷன் படிக்கட்டிலும் வளர்ந்த நாய்களுக்கு வீடு தேடும் வேலை அதனால் அவசரமாகிவிட்டது.

எந்த நாயை எடுப்பது? பெரும்பாலோர் குட்டிதான் கேட்கிறார்கள். குட்டிக்கு இரண்டு மாதம் ஆகும் முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. பால்குடி மறக்கும் முன் பிரித்தால் நோய் எதிர்ப்பும் குறையும், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று கூடப்பிறந்தவற்றோடு விளையாடிக் கற்கும் பாடமும் போய்விடும். சின்ன வீட்டுக்கு வளர்ந்த நாய் பல நேரம் மேலானது. அதன் உருவமும் குணமும் முன்பே தெரியும். ஏற்கெனவே அதே சந்தின் குழந்தைகளோடு பழகியிருக்கும். குட்டியைப்போல் கண்டதையும் கடித்துக் குதறாது. எவ்வளவு சொன்னாலும் இதைப் பலர் நம்புவதில்லை, அது பெரிய இழப்பு.

வீடு சிறியது என்பது தடையே இல்லை. நாட்டு நாய் நாளின் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்கும். காலையும் மாலையும் வெளியே நடத்திக் கூட்டிப்போனால் அதற்குப் போதும். தடையாக வருபவை வேறு. நாள் முழுக்க வீட்டில் யாரும் இல்லாதிருத்தல், வாடகை வீட்டுக்காரரின் மறுப்பு, வீட்டில் ஒருவருக்காவது பிடிக்காமை ஆகியவை. இதில் கடைசியானதுதான் மிகப் பெரியது. மாமியாருக்கோ அப்பாவுக்கோ விருப்பமில்லாத வீட்டில் நாய் நிலைக்காது. லேபர் கேம்ப் வீடுகளுக்கே உரிய ஒன்றும் உண்டு: மாடி அறைக்கு ஏறும் இரும்பு ஏணி செங்குத்தாக இருக்கும், நாயால் ஏற முடியாது. குடும்பம் மேலே தூங்கி நாய் கீழே தனியாகக் கிடந்தால் முதல் சில இரவுகள் ஊளையிடும். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் சண்டை வராது.

அடுக்குமாடிக் கட்டடங்களில் சொசைட்டிக்காரர்கள் நாய் வளர்க்கக் கூடாது என்று சில சமயம் தீர்மானம் போடுகிறார்கள். பெரும்பான்மை வாக்கால்கூட அப்படித் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நாய் வைத்திருப்பவர் பக்கத்திலும் கடமை உண்டு. பொது இடத்தில் கழுத்துப்பட்டையும் கயிறும் வேண்டும், மலத்தை அள்ள வேண்டும், மாநகராட்சி உரிமம் வேண்டும். உரிமத்துக்குத் தடுப்பூசிச் சான்று தேவை.

மருத்துவம் ஊசியிலிருந்து தொடங்குகிறது. ஆறு முதல் எட்டு வார வயதில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான கூட்டு ஊசி. மூன்று, நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை திரும்பப் போடுவார்கள். வெறிநோய் ஊசி மூன்றாவது மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில், பொதுவாக ஆண்டுதோறும். எலிக்காய்ச்சல் ஊசியை மும்பையில் விட்டுவிடக் கூடாது. மழைக்காலத்தில் சயான், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தண்ணீர் தேங்கும்போது எலி மூத்திரம் கலந்த நீரில் நடக்கும் நாய்க்கும் அந்த நோய் வரும். நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றலாம். உண்ணிக் காய்ச்சல் இன்னொரு தொல்லை. சோர்ந்து படுத்து, தின்ன மறுத்து, ஈறு வெளுத்தால் காத்திருக்கக் கூடாது.

சிகிச்சைக்கு லேபர் கேம்ப்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இயங்குகிறது. பம்பாய் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் மருத்துவமனை அது. மகாலட்சுமியில் 2024-ல் டாடா டிரஸ்ட்ஸ் நிறுவனத்தின் சிறு விலங்கு மருத்துவமனை திறந்தது. அதை விரும்பி அமைத்தவர் ரத்தன் டாடா. டாடா குழுமத்தின் பாம்பே ஹவுஸ் அலுவலகத்தில் தெருநாய்களுக்கென்றே ஓர் அறை உண்டு.

நாய் கடித்தாலோ நகம் கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். பக்கத்திலேயே மாநகராட்சியின் சயான் மருத்துவமனை இருக்கிறது. மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. அறிகுறி தொடங்கிவிட்டால் வெறிநோயிலிருந்து பிழைப்பவர் அநேகமாக இல்லை. ஒரு வட்டாரத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் அங்கே பரவாமல் நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆகவே வீட்டு நாய்க்கு ஊசி போடும்போது சந்து நாய்க்கும் போடச் செய்வது தன் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு.

சாப்பாட்டில் தமிழ் வீடுகள் கவனிக்க வேண்டியது வெங்காயம். அது நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். எனவே மிஞ்சிய சாம்பார் சாதமும் குழம்புச் சோறும் நாய்க்கு ஆகாது. திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு இவையும் கூடாது. கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கழுத்து, ஈரல், இரைப்பையை உப்பில்லாமல் அரிசியோடு வேகவைத்துப் போடலாம், எலும்பை நீக்கிவிட்டு. பிஸ்கட் பாசத்துக்கு நல்லது, வயிற்றுக்கு அல்ல.

வந்த நாய் வீட்டோடு ஒட்டச் சற்றுக் காலம் பிடிக்கும். முதல் மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கு புரிதல், மூன்று மாதத்தில் இது நம் வீடு என்ற நிம்மதி என்று காப்பகக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். முதல் வாரத்தில் உறவினரைக் கூப்பிட்டுக் காட்டுவது, குளிப்பாட்டுவது, குழந்தைகளைக் கட்டிப்பிடிக்க விடுவது எல்லாம் பயத்தைக் கூட்டும். பல தத்தெடுப்புகள் இரண்டாவது வாரத்திலேயே முறிகின்றன. இன்னும் சில வாரம் பொறுத்திருந்தால் அவற்றில் பாதியாவது நின்றிருக்கும் என்பதை இந்த வேலையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

அந்தப் பொறுமையைத் தரும் ஆள்தான் தன்னார்வலர். மும்பையில் வெல்ஃபேர் ஆஃப் ஸ்ட்ரே டாக்ஸ், தேவனாரில் மையம் வைத்திருக்கும் இன் டிஃபென்ஸ் ஆஃப் அனிமல்ஸ், தத்தெடுப்பு முகாம்கள் நடத்தும் வேர்ல்ட் ஃபார் ஆல் போன்ற அமைப்புகளோடு சேர்ந்தும் இந்த வேலையைச் செய்யலாம். தன் சந்தளவில் தனியாகவும் செய்யலாம். முதல் வேலை படமெடுப்பது. குனிந்து, நாயின் கண்மட்டத்தில், பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படமும் உண்மையான நாலு வரியும் போதும். வயது, பாலினம், ஊசி, கருத்தடை, குழந்தைகளோடு எப்படி, பூனையோடு எப்படி, என்ன குறை என்று எழுத வேண்டும். குறையை மறைத்துக் கொடுத்த நாய் திரும்பி வரும்.

அடுத்தது விசாரணை. கேட்டு வருகிறவர் வீட்டில் எத்தனை பேர், எல்லோரும் சம்மதமா, ஊருக்குப் போகும்போது நாய் எங்கே இருக்கும் என்று கேட்க வேண்டும். மே மாதம் முழுக் குடும்பமும் திருநெல்வேலி ரயிலேறும் வீடுகளில் இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் கொடுக்கவே கூடாது. பிறந்தநாள் பரிசாகக் கேட்பவர், கடைக் காவலுக்கு இரவெல்லாம் கட்டிப்போடக் கேட்பவர், பெண் நாயா என்று மட்டும் கேட்டு மற்ற எதையும் கேட்காதவர் ஆகியோரிடம் மறுத்துவிடுவதே நாய்க்குச் செய்யும் நன்மை. மூன்றாமவர் குட்டி போட வைத்து விற்கிறவராக இருக்கக்கூடும். வீட்டை நேரில் பார்த்து, கருத்தடைக்கும், வளர்க்க முடியாமல் போனால் தெருவில் விடாமல் திருப்பித் தருவதற்கும் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் மாதமொரு முறை போன் போட்டு விசாரிக்க வேண்டும். சலிப்பான வேலை இது, ஆனால் நாயின் வாழ்வு இதில்தான் இருக்கிறது.

வீடு கிடைக்கும் வரை சில வாரம் மட்டும் நாயை வைத்துக்கொள்ளும் தற்காலிக வளர்ப்பும் பெரிய உதவி. நீண்ட காலப் பொறுப்பேற்க முடியாத வாடகைக் குடும்பங்களும் மாணவர்களும் இதைச் செய்யலாம். காப்பகக் கூண்டில் மிரண்டு ஒடுங்கிய நாய்கூட ஒரு வீட்டுச் சமையலறை வாசலில் இரண்டு வாரம் கிடந்தால் மனிதரைப் பார்த்து வாலாட்டத் தொடங்கும்.

இவ்வளவு செய்தும் ஒன்றை விட்டால் பயனில்லை. நாயின் சினைக்காலம் அறுபத்து மூன்று நாள்தான். ஒரு ஈற்றின் குட்டிகளுக்கெல்லாம் வீடு பார்த்துவிட்டுத் தாயை அப்படியே விட்டால், அதே சந்தில் சில மாதத்தில் அடுத்த ஈற்று. குட்டிகள் பால்குடி மறந்ததும் தாயைக் கருத்தடைக்கு அனுப்பி, ஊசி போட்டு, அதன் இடத்தில் விடுவது தத்தெடுப்பு வேலையின் ஒரு பகுதி. தொடர்ந்து சோறு போடுபவர்களுக்கு விதிகளில் இடமுண்டு. குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, நுழைவாயில் தவிர்த்த ஓர் இடத்தைக் குடியிருப்போர் சங்கம் ஒதுக்க வேண்டும். நாய்க்குச் சோறு போடுகிறவர்தான் அதைப் பிடித்துக் கொடுக்கவும் முடியும். வண்டியைக் கண்டதும் ஓடும் நாய் அவர் கைக்கு மட்டும் வரும்.

தாராவி மறுசீரமைப்பில் வீடுகள் இடம் மாறும்போது சந்து நாய்களின் கதி என்ன என்பதையும் இப்போதே நினைக்க வேண்டும். குடும்பங்கள் போன பின் நாய் பழைய இடத்திலேயே காத்துக் கிடக்கும், சோறு போட ஆளிருக்காது. ஒவ்வொரு சந்திலும் எத்தனை நாய், எவற்றுக்குக் கருத்தடை முடிந்தது, எதை யார் உடன் கொண்டுபோவார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், வீடு தேட வேண்டிய நாய்கள் எவை என்பது தெரிந்துவிடும். வயதான நாய்களைப் பட்டியலின் தலையில் வைக்க வேண்டும், அவற்றுக்கு வீடு கிடைக்கத்தான் அதிக நாளாகும். உடன் கொண்டுபோகிறவர்கள் மாநகராட்சி உரிமத்தில் புது முகவரியைப் பதிந்துகொள்ள வேண்டும்.