அரளிப் பந்தி

காரைக்கால் பக்கம் செவ்வரளி சாமிக்குப் பூ, வீட்டுக்கு வேலி. ஆடும் மாடும் வாய் வைக்காததால் வேலிக்குத் தோதான செடி. அந்த நச்சுத் தழையைத் தின்றே இரண்டு பூச்சிகள் வளர்கின்றன. ஒன்று, பகலில் மெதுவாகப் பறக்கும் வெண்புள்ளிக் கருப்பன் என்ற வண்ணத்துப்பூச்சி. மற்றது, பொழுது சாய்ந்தபின் கிளம்பும் அரளி அந்துப்பூச்சி. இது இறக்கை விரித்தால் 9 முதல் 11 செ.மீ. வரை இருக்கும், தடித்த உடம்பு, பாசிப்பச்சையும் இளஞ்சிவப்பும் குழைந்த சிறகு. பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றே தேன் குடிக்கும்.

கொத்தாக ஒரு கிளை மொட்டையாகியிருந்தால் அங்கே தேடுங்கள். விரல் பருமனில் அந்துப்பூச்சியின் பச்சைப் புழு ஒன்று இருக்கும். தொட்டால் தலையை உள்ளிழுத்து முதுகை உப்பும். உடனே இரண்டு நீலக் கண்கள் உங்களை முறைக்கும். அவை கண்களே அல்ல, வெறும் புள்ளிகள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கை பின்வாங்கும்.

அரளி நஞ்சு நம் இதயத் துடிப்பைக் குலைப்பது. செல்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பை அது அடைத்துவிடும். அந்துப்பூச்சியின் பம்பும் நஞ்சு பட்டால் நின்றுபோகக்கூடியதுதான். அப்படியிருந்தும் புழு எப்படிப் பிழைக்கிறது? ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் 2013-ல் விடை கண்டார்கள்: நரம்பைச் சுற்றிய உறை நஞ்சில் ஒரு வகையை உள்ளே விடுவதில்லை, கசிந்து நுழையும் வகையைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது.

கருப்பனின் கதை இன்னும் விசித்திரம். அரளியில் வளர்ந்தும் அந்த நஞ்சை அது சேர்த்துவைப்பதில்லை. பறவைகள் வெறுக்கும் கசப்பைப் பின்னால்தான் தேடிக்கொள்கிறது. காய்ந்த தேள்கொடுக்குச் செடியில் ஆண்கள் மொய்த்து உறிஞ்சுவது அதற்காகத்தான். பெண்ணைக் கவரும் வாசனைக்கும் அதுவே மூலப்பொருள்.

கூட்டுப்புழுவிலும் இரண்டும் இரு துருவம். கருப்பனுடையது இலையடியில் தொங்கும் பொற்குண்டலம். அதில் தங்க நிறச் சாயம் ஏதும் இல்லை. தோலில் அடுக்கடுக்காக அமைந்த நுண்படலங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் மினுக்கம். அந்துப்பூச்சியோ தழையை விட்டு இறங்கி, செடியடிச் சருகிலும் மண்ணிலும் பழுப்பாக ஒடுங்கிக் கிடக்கும். அரளியடியில் கூட்டி அள்ளிய குப்பைக்குத் தீ வைக்குமுன் ஒருமுறை கிளறிப் பாருங்கள். அந்தப் பச்சைச் சிறகு அதற்குள் மடிந்து கிடக்கலாம்.