மூடிய பாட்டிலுக்குள் ஒரு மழைக்காலம்

கண்ணாடிக் குடுவைக்குள் செடி வளர்க்கும் டெர்ரேரியம் இப்போது நர்சரிகளிலும் பரிசுப்பொருள் கடைகளிலும் கிடைக்கிறது. ஆசையாக வாங்கிப்போகிறவர்களில் பலர் கொஞ்ச நாளிலேயே ‘அழுகிப்போச்சு’ என்று அலுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அளவுக்கு மீறிய பாசம்தான் காரணம். மூடியைத் திறந்து தினமும் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள்.

வேர் உறிஞ்சும் நீரில் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியே ஆவியாகப் போய்விடும். மூடிய பாட்டிலில் அந்த ஆவிக்குப் போக்கிடம் இல்லை. கண்ணாடியில் பட்டுத் துளியாகி, வழிந்து மண்ணுக்கே திரும்பும். காற்றும் இப்படித்தான் சுற்றுகிறது. ஒளிச்சேர்க்கை கரியமில வாயுவை எடுத்து ஆக்ஸிஜனைத் தருகிறது. செடியின் சுவாசமும், உதிர்ந்த இலைகளை மட்கவைக்கும் நுண்ணுயிர்களும் அதே கரியமில வாயுவைத் திருப்பித் தருகின்றன. வெளியிலிருந்து வந்தாக வேண்டியது வெளிச்சம் மட்டும்தான். இங்கிலாந்தில் டேவிட் லாடிமர் என்பவர் 1960இல் பெரிய கண்ணாடி ஜாடியில் ஒரு செடி நட்டார். 1972இல் கடைசியாகத் தண்ணீர் விட்டு மூடினார். நாற்பது ஆண்டு கழித்தும் அது பச்சைப்பசேலென்று இருந்தது.

மூடிய கண்ணாடிக்குள் செடி வாழும் என்று கண்டறிந்தவர் நத்தானியல் வார்டு, லண்டன் மருத்துவர். நிலக்கரிப் புகையில் அவருடைய பெரணிகள் கருகிக்கொண்டே இருந்தன. 1829இல் ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் மூடிவைத்தார். அந்த மண்ணில் பெரணி முளைத்தது! 1833இல் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை அடைத்து சிட்னிக்குக் கப்பலேற்றினார். மாதக்கணக்கான பயணத்துக்குப் பிறகும் அவை உயிரோடு போய் இறங்கின. பிறகு பிரிட்டிஷ் பேரரசுக்குக் கேட்கவா வேண்டும்? சீனத்துத் தேயிலை இமயமலைச் சரிவுகளுக்கும், ரப்பர் நாற்றுகள் இலங்கைக்கும் வார்டு பெட்டிகளில் வந்தன. மலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களின் கதைக்குப் பின்னால் இந்தப் பெட்டியும் இருக்கிறது.

ஆனால் அது மந்திரப் பெட்டி அல்ல. மலேரியாவுக்கு மருந்தான சின்கோனாவைத் தென் அமெரிக்காவிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவர முயன்றார் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர். 1860இல் அவர் இதே பெட்டிகளில் கொண்டுவந்த செடிகள் செங்கடல் வெப்பத்தில் நைந்து, கடைசியில் மடிந்தே போயின. ஈக்வடாரிலிருந்து வேறொரு குழு அனுப்பியவைதான் நீலகிரியில் வேர்பிடித்தன.

செங்கடல் சொன்ன பாடம் நம் ஊர் பால்கனிக்கும் பொருந்தும். நேர்வெயில் பட்டால் மூடிய பாட்டில், வெயிலில் நிறுத்திய கார் மாதிரிதான். உள்ளே இருப்பவை வெந்துவிடும். நல்ல வெளிச்சமுள்ள, ஆனால் வெயில் விழாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

டெர்ரேரியத்தை நீங்களே செய்ய, வாய் அகன்ற பழைய ஊறுகாய் பாட்டிலே போதும். அடியில் கூழாங்கல், மேலே கொஞ்சம் கரித்தூள், அதன்மேல் தென்னைநார்க் கழிவு கலந்த மண். கூழாங்கல் நீரை வடித்துவிடும் என்பார்கள். ஓட்டையில்லாத பாட்டிலில் நீர் எங்கே வடியும்? ஊற்றியது அதிகம் என்று கண்ணுக்குக் காட்டும், அவ்வளவுதான். ஃபிட்டோனியா, சிறு பெரணி, மழைக்காலத்தில் மதில்மேல் படரும் பாசி ஆகியவை இந்த ஈரத்துக்கு ஏற்றவை. கடைக்காரர் அழகாக அடுக்கித் தரும் கள்ளிச்செடிகளை மூடிய பாட்டிலுக்குள் வைக்கவே கூடாது.

பிறகு கண்ணாடியைப் பார்த்தால் போதும். காலையில் மேல்பகுதியில் பனித்து, மதியத்துக்குள் தெளிந்தால் ஈரம் சரி. நாளெல்லாம் மங்கலாக இருந்தால் ஓர் இரவு திறந்துவையுங்கள். பல நாள் பனிக்கவே இல்லையென்றால் இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர், அதற்குமேல் வேண்டாம். உரம் போட்டால் செடி வளர்ந்து மூடியை முட்டும், எனவே போடாதீர்கள்.

ஆரம்பத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படரலாம். அழுகிய இலையைக் கிள்ளியெடுத்து ஒருநாள் காற்றாட விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். மண்ணோடு வந்த, துள்ளிக் குதிக்கும் கடுகளவுகூட இல்லாத வெள்ளைப் பூச்சிகள் தென்பட்டால் மருந்தடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். அவை ஸ்பிரிங்டெயில்கள். அந்தப் பூஞ்சையைத் தின்னத்தான் அலைகின்றன.