ஓ.ஆர்.எஸ்: உப்பும் சர்க்கரையும் சரி, சோடா எதுக்கு?

1971. வங்கதேசப் போரால் அகதிகள் குவிந்திருந்த மேற்கு வங்க எல்லை ஊர் பங்கானில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. கொல்கத்தாவிலிருந்து போன டாக்டர் திலீப் மஹலநபிஸ், ஒரு லிட்டர் தண்ணீரில் 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா கலந்து குடிக்கக் கொடுத்தார். சுமார் 30% ஆக இருந்த இறப்பு விகிதம் 4%-க்கும் கீழே இறங்கியது.

குளுக்கோஸ் எதுக்கு? அது கூட வந்தால், வயிற்றுப்போக்கின்போதும் குடல் சோடியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னாலேயே தண்ணீரும் போகும்.

சோடா எதுக்கு? வயிற்றுப்போக்கில் பைகார்பனேட் என்ற காரமும் வெளியேறும். ரத்தம் அமிலப் பக்கம் சாயும். சோடா அதை ஈடுகட்டியது. இன்றைய பாக்கெட்டுகளில் அந்த வேலையை சிட்ரேட் பார்க்கிறது.

இதில் அளவுதான் மருந்து. ஒரு லிட்டருக்கான பவுடரை அரை லிட்டரில் கரைத்தால் செறிவு இரு மடங்காகும். அது உடம்பிலிருக்கும் தண்ணீரையே குடலுக்குள் இழுத்துவிடும். சர்க்கரை தூக்கலான ஜூஸும் இதைத்தான் செய்யும். அப்படிப்பட்ட பானங்கள் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்' என்று போடக்கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

அடுத்த முறை மெடிக்கலில் வாங்கும்போது, எவ்வளவு தண்ணீர்னு பாக்கெட்டில் பாருங்க. அதே அளவில் கரைங்க.