கூதிர்க்கால மலைவிளக்கு: கார்த்திகைத் தீபமும் வானூர் வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

குளிர்காலத்தில் மலைநகர்களில் ஒளிவிழா எடுத்துப் பயணியரை ஈர்ப்பது இன்று பல நாடுகளிலும் காணப்பெறும் வழக்கமாகும். தமிழகத்தில் உதகை, கொடைக்கானல் முதலிய மலைநகர்களின் அரசு விழாக்கள் கோடையிலேயே நிகழ்கின்றன. குளிர்காலத்து மலையொளி விழாவாக இங்கு விளங்குவது திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபமே. இவ்விழாவின் இலக்கியச் சான்றுகள், நடைமுறை, மழையோடு அதற்குள்ள தொடர்பு ஆகியவற்றை வானூர், மரக்காணம் கடற்கரைப் பகுதியை முன்வைத்து விளக்குவதாக இக்கட்டுரை அமைகிறது.

திறவுச்சொற்கள்: கார்த்திகை, விளக்கீடு, திருவண்ணாமலை, மாவலி, ஃபெஞ்சல் புயல்.

முன்னுரை

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம் என்பது தமிழர் பருவப் பகுப்பு. விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் இப்பருவம் வடகிழக்குப் பருவமழையின் உச்சமாகும். மரக்காணம் உப்பளங்களில் அப்போது விளைச்சல் நின்றுவிடும். மழை ஓய்ந்த பின்னரே பாத்திகள் சீரமைக்கப்பெறும். எனவே கார்த்திகை விளக்கு இப்பகுதி மக்களுக்கு வழிபாட்டு நாளாக மட்டுமன்றி, மழை விடைபெறுவதை எதிர்நோக்கும் காலக்குறியாகவும் அமைகிறது.

இலக்கியச் சான்றுகள்

அகநானூற்றின் 141ஆம் பாடலில் நக்கீரர், மழை நீங்கிய வானில் நிறைமதி அறுமீனைச் சேரும் நள்ளிரவில், மூதூரின் தெருக்களில் விளக்கேற்றி மாலை தொங்கவிட்டு மக்கள் கூடி எடுத்த விழாவைக் காட்டுகிறார். களவழி நாற்பது கார்த்திகை விழாவின் விளக்குகளைப் போர்க்கள வருணனைக்கு உவமையாக்குகிறது. திருஞானசம்பந்தரின் மயிலைப் பூம்பாவைப் பதிகம், கடற்கரை ஊராகிய மயிலாப்பூரில் மகளிர் கொண்டாடிய விளக்கீட்டைக் குறிப்பிடுகிறது. இவற்றுள் அகநானூறும் பூம்பாவைப் பதிகமும் காட்டுவது ஊரும் தெருவும் சார்ந்த விளக்காகும்.

மலையில் ஏற்றப்பெறும் விளக்கிற்குத் தெளிவான சான்று சீவக சிந்தாமணியில் கிடைக்கிறது. குன்றின்மேல் இட்ட கார்த்திகை விளக்கைத் திருத்தக்கதேவர் உவமையாகக் கையாள்கிறார். உவமை என்பது கேட்போர் அறிந்த பொருளைக் கொண்டே அமையும். ஆதலால் அவர் காலத்திற்கு முன்னரே குன்றில் விளக்கிடும் வழக்கம் பரவலாக அறியப்பட்டிருந்தது எனக் கொள்ளலாம். சமணக் காப்பியத்தில் இது இடம்பெறுதல், அவ்வழக்கம் ஒரு சமய எல்லைக்குள் மட்டும் அறியப்பட்டதன்று என்பதையும் உணர்த்துகிறது.

நடைமுறை

திருவண்ணாமலையில் கொடியேற்றத்துடன் தொடங்கும் விழாவின் பத்தாம் நாள் விடியலில் கோயிலுக்குள் பரணி தீபமும், மாலை 6 மணியளவில் 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபமும் ஏற்றப்பெறுகின்றன. பெருங்கொப்பரையில் 3,000 கிலோவிற்கு மேற்பட்ட நெய்யும், 1,000 மீட்டருக்குக் குறையாத காடாத்துணித் திரியும் பயன்படுகின்றன. விளக்கேற்றும் உரிமை மீனவ மரபினராகிய பர்வதராஜ குலத்தாருக்கு உரியது. பதினொரு நாள்கள் ஒளிரும் இத்தீபத்தின் மை, ஆருத்ரா தரிசனத்தின்போது நடராசருக்குச் சாத்தப்பெற்றுப் பின்னர் அடியார்களுக்கு வழங்கப்பெறும்.

விழா நாளைக் கணிப்பதில் முதன்மை பெறுவது கார்த்திகை விண்மீனேயாகும். நிறைமதி அதே நாளில் அமைய வேண்டுவதில்லை. 2024இல் தீபம் டிசம்பர் 13இலும் முழுநிலவு டிசம்பர் 15இலும் அமைந்தன. நக்கீரர் காட்டும் மதியும் மீனும் சேரும் இரவு எல்லா ஆண்டுகளிலும் வாய்ப்பதன்று.

வட்டாரத்தில் இவ்வொளி சிற்றூர்தோறும் சிறு வடிவங்களைக் கொள்கிறது. வீட்டு வாயில்களில் அகல் ஏற்றுவர். கோயில் முன்றிலில் சொக்கப்பனை கொளுத்துவர். ஆண்பனையின் பூந்தண்டைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் பொதிந்து, பனைமட்டைகளுக்கிடையே கட்டி, நெருப்பிட்டுச் சிறுவர் சுழற்றும் மாவலி, பனை மிகுந்த இந்நிலத்திற்கு இயல்பான ஒளிவிளையாட்டாகும். பனை குறையுந்தோறும் மாவலியும் குறைந்து, கடைப் பட்டாசு அவ்விடத்தைப் பிடிக்கிறது.

மழையும் மலையும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வானூரை அடுத்துள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாயிற்று. மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. அதே மழை மேற்கே நகர்ந்து, டிசம்பர் 1இல் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்சரிவை விளைவித்தது. அடிவாரக் குடியிருப்பில் 7 பேர் உயிரிழந்தனர். தீபத்திற்குப் பன்னிரண்டு நாள்களே எஞ்சியிருந்தன. நிலவியல் வல்லுநர்கள் மலையை ஆராய்ந்தபின், அவ்வாண்டு பக்தர்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது. கொப்பரையும் நெய்யும் திரியும் கொண்டுசெல்லும் பணியாளர்களுக்கு மட்டும் இசைவு தரப்பட்டது. குறித்த நாளில் தீபம் ஏற்றப்பெற்றது.

மலையேறுவது விழாவின் உயிர்ப்பகுதி எனக் கருதுவோருக்கு இத்தடை மனக்குறையைத் தந்திருக்கலாம். ஆயின் மலைவிளக்கின் அமைப்பே தொலைவிலிருந்து காண்பதற்கு உரியது. உச்சியில் பெருஞ்சுடர் வைப்பது, கீழே உள்ளோர் அனைவரும் இருந்த இடத்திலிருந்தே காண்பதற்காகவே. 14 கி.மீ. கிரிவலமும் மலையைச் சுற்றி வருவதேயன்றி மலைமீது ஏறுவதன்று. ஆதலின் மண் ஊறிய ஆண்டுகளில் ஏற்றத்தைத் தவிர்ப்பது மரபுக்கு மாறானதாகாது.

முடிவுரை

தெருவிளக்காகச் சங்கப் பாடலில் காணப்பெறும் கார்த்திகை, காப்பியக் காலத்தில் குன்றின் விளக்காகவும் அறியப்பட்டிருந்தது. மழை நீங்கிய வானத்தை நக்கீரர் விழாவின் பின்னணியாக்கினார். இன்றோ விழாவும் புயலும் ஒரே திங்களில் நெருங்கி வருகின்றன. கடலோரத்தில் உப்புப் பாத்தியை மூழ்கடிக்கும் மழையே மலையின் மண்ணையும் தளர்த்துகிறது. ஆகவே விழா ஏற்பாட்டில் நாள்கோளைக் கணிப்பது போலவே மழையளவையும் மண்ணின் நிலையையும் கணித்தல் இன்றியமையாததாகும்.